வாயைப் பொத்து, ரசீதை வாங்கு

காலவ ரிஷிக்கு 360 பெண்கள். தினம் ஒரு பெண்ணாகக் கட்டிக்கொடுத்து, ஒரே வருஷத்தில் அத்தனை பேரையும் கரையேற்றினார். மாப்பிள்ளை ஒருவர்தான், வராகப் பெருமாள். திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலின் தலபுராணம் அப்படித்தான் சொல்கிறது. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் இரண்டு மாலையோடு அந்தச் சந்நிதியில் வந்து நிற்பது இன்றைக்கும் நடக்கிறது. நல்ல வேளை, ரிஷி புராண காலத்திலேயே பிறந்து தொலைத்தார். 2020-ல் பிறந்திருந்தால், கொரோனா ஊரடங்கில் முதல் பெண்ணுக்கே ஊர் தாண்ட இ-பாஸ் கிடைத்திருக்காது. கிடைத்தாலும் கல்யாணத்துக்கு வரலாம் என்று சர்க்கார் விட்ட தலை 50. மணப்பெண்ணின் அக்கா தங்கைகள் மட்டுமே 359.

அந்த பாஸுக்குச் சர்க்கார் முதலில் ஒப்புக்கொண்ட காரணங்கள் மூன்று: கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி. பிழைப்பு என்று நாலாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பது கோட்டையில் யாருக்கும் தோன்றவில்லை. மாதாமாதம் சம்பளம் வங்கியில் விழுகிறவர்களுக்கு அது தோன்றவும் தோன்றாது.

மார்ச்சில் சாத்திய பெரிய கோயில்கள் செப்டம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. திறந்ததும் கூட்டம் வந்தது. திருவிடந்தை உற்சவரின் தாடையில் இயற்கையாகவே ஒரு திருஷ்டிப் பொட்டு உண்டு. அதைச் சேவித்தால் கண்ணேறு கழியும் என்பார்கள். பக்தகோடிகளும் தங்கள் தாடையில் நீல நிறத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அதுவும் கண்ணேறு கழிக்கத்தான். கண் மட்டும் காவல்துறையுடையது. ஜீப் தெரிந்தால் மூக்குக்கு ஏறும். ஜீப் திரும்பினால் தாடைக்கு இறங்கும். கிருமிக்கும் ஜீப்புக்கும் ஏதோ ஒப்பந்தம் இருப்பதாகவும், ஜீப் இல்லாத நேரத்தில் கிருமி கடமையாற்றாது என்றும் ஒரு ஜனசமூகமே நம்பியது. அந்த நம்பிக்கையை ஊட்டியது யார் என்பதுதான் கேள்வி.

முகக்கவசத்தில் மணமக்களுக்குத் தனி வகை வந்தது. வேட்டிக் கரைக்குப் பொருத்தமாக அவனுக்கு, புடவை பார்டரில் ஜரிகையோடு தைத்தது அவளுக்கு. கோவையில் நகை ஆசாரி ஒருவர் 18 காரட் தங்கத்தில் முகக்கவசம் செய்து 2.75 லட்சம் ரூபாய் என்றார். மதுரையில் முகக்கவச வடிவத்தில் பரோட்டா போட்டார்கள், சால்னாவோடு. விழிப்புணர்வாம். தின்று தீர்த்த விழிப்புணர்வு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு.

2020 செப்டம்பரில் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939-ல் திருத்தம் வந்தது. முகக்கவசம் போடாவிட்டால் 200 ரூபாய், எச்சில் துப்பினால் 500, இடைவெளி விடாவிட்டால் 500. 2022 ஜனவரியில் முகக்கவசக் கட்டணமும் 500 ஆனது. விலைவாசிதான் ஏறிக்கொண்டே போகிறதே, குற்றத்தின் விலை மட்டும் நிற்குமா? அதே 2020-21-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 256 ரூபாய். வெயிலில் நாளெல்லாம் ஏரியில் மண் சுமந்தவள், வீடு திரும்பும்போது முந்தானை நழுவினால் மிச்சம் 56. அந்த வருஷம் மத்திய அரசு மூன்றடுக்கு முகக்கவசத்துக்குக் கட்டிய உச்ச விலை 10 ரூபாய். அபராதம் என்று பிடுங்கிய 200 ரூபாய்க்கு 20 முகக்கவசம் வாங்கி அவள் கையிலேயே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ரசீதுப் புத்தகம் எப்படித் தீரும்? ரேஷனில் ஆளுக்கு இரண்டு கொடுத்ததாக அரசு சொல்லும். கொடுத்தார்கள்தான், ஜூலையில் விழா வைத்துத் தொடங்கினார்கள். துவைத்துத் துவைத்து அந்த இரண்டும் வலையான பிறகும் அபராதம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்நாட்களில் அபராதம் போடும் பறக்கும் படை நின்ற இடத்தை எவரும் கவனித்திருக்கலாம். கண்ணாடி ஏற்றிய கார்கள் விர்ரென்று விடுதிகளுக்குப் போகிற வலப்பக்கத்தில் அல்ல. கோவளத்திலிருந்து அலுமினிய அன்னக்கூடையில் மீன் சுமந்து வருகிற அம்மா சாலையைக் கடக்கிற திருப்பத்தில். அவள் முந்தானையை மூக்குவரை இழுத்து, நுனியைப் பல்லில் கடித்திருப்பாள். இரண்டு கையும் கூடையில். "மாஸ்க் எங்கம்மா?" என்று கேட்டால் பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் முந்தானை விழும். விழுந்தால் 200. 2020 ஏப்ரலில் பிரதமர் கழுத்துத் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் தோன்றினார். நாடே எளிமை என்று சிலிர்த்தது. துண்டுக்கும் முந்தானைக்கும் நூல் ஒன்றுதான், நெய்தது ஒரே தறிதான். ஆனால் அவர் கட்டினால் முன்மாதிரி, இவள் கட்டினால் முதல் தகவல் அறிக்கை.

1918-ல் இன்ஃபுளுயன்சா வந்தபோது சான் பிரான்சிஸ்கோ நகரில் இதே சட்டம் போட்டார்கள். முகக்கவசம் இல்லாவிட்டால் அபராதம், கட்டாவிட்டால் சிறை. அங்கேயும் தாடையில் மாட்டினார்கள், சுருட்டுக்குத் துளை போட்டார்கள், 1919 ஜனவரியில் முகக்கவச எதிர்ப்புக்கு என்றே ஒரு கழகம்கூடக் கண்டார்கள். கழகம் காண்பதில் நாம் மட்டும் சளைத்தவர்கள் இல்லை என்ற பெருமை அன்றே போயிற்று. ஆனால் ஒரு விஷயத்தில் அந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். நகர மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் குத்துச்சண்டை பார்க்கப் போய் முகக்கவசம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் ஊர் போலீஸ் அவருக்கே 50 டாலர் தீட்டியது. சட்டத்தை முன்னின்று கொண்டுவந்த சுகாதார அதிகாரிக்கும் அபராதம் விழுந்தது.

இங்கே? 2021 மார்ச்சில் தமிழ்நாடு முழுக்கத் தேர்தல் பிரசாரம். லாரியில் ஏற்றி வந்த கூட்டம், தோளோடு தோள், வாயோடு காது, கோஷத்துக்குத் திறந்த லட்சம் வாய்கள். மேடையில் இருப்பவர் முகம் தெரிந்தால்தானே ஓட்டு விழும்? ஒரு ஜீப் வந்ததா? ஒரு ரசீது கிழிந்ததா? எந்த ஏட்டாவது மேடையேறி, "தலைவரே, 200 ரூபாய்" என்று கை நீட்டியிருந்தால், மறுநாள் காலை தண்ணியில்லாக் காட்டில் அவர் ஆஜர் போட்டிருப்பார். ஏப்ரல் 6 அன்று வாக்குச்சாவடியில் ஒரு கைக்கு மட்டும் பாலிதீன் உறை கொடுத்தார்கள். மூன்று வாரமாக முகத்தில் தும்மிவிட்டுக் கடைசி நாளில் ஒரு கைக்கு உறை!

ஏப்ரல் 26-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, கொலைக் குற்றம் சுமத்தினாலும் தகும் என்ற பொருளில் நீதிமன்றத்தில் சொன்னார். ஆணையத்துக்குக் கோபம் வந்தது. கூட்டத்தின் மேல் அல்ல. நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதைப் பத்திரிகைகள் எழுதக்கூடாது என்று கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. ஐந்து சட்டமன்றத் தேர்தல் முழுக்க எவர் வாய்க்கும் மாட்ட முடியாத முகக்கவசத்தை, கடைசியில் நிருபர்கள் வாய்க்கு மாட்டப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் அதற்கு மட்டும் இசையவில்லை. அந்த நீதிபதி அதே வருஷம் நவம்பரில் மேகாலயாவுக்கு மாற்றப்பட்டார். காரணம் கொலீஜியத்துக்கே வெளிச்சம். ஆனால் சிரபுஞ்சி இருக்கிற மாநிலம் அது; தண்ணியில்லாக் காடு என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது.

எச்சில் துளியில் நோய் பரவும், ஆறடி தள்ளி நில் என்பதையெல்லாம் விஞ்ஞானிகள் நேற்றுக் கண்டுபிடித்ததாக நினைக்கிறோம். நம் நாட்டுப் பெரிய மனிதர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். எந்த எச்சில், எவனுடைய மூச்சு என்பதில்தான் வித்தியாசம். பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் தீண்டப்படாதவர்கள் கழுத்தில் மண் கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது, எச்சில் தரையில் விழக்கூடாது என்பதற்காக. அம்பேத்கர் 1936-ல் சாதியை ஒழிக்கச் சொல்லி எழுதிய உரையில் அதைக் குறிப்பிடுகிறார். துப்பினால் 500 என்பதற்கு முன்னோடிச் சட்டம் அதுதான். கேரளத்தில் எந்தச் சாதி எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளவே இருந்தது. அதற்கு எந்த உலக சுகாதார நிறுவனமும் வழிகாட்டவில்லை.

திருவிடந்தை இருக்கிற நம் செங்கல்பட்டுச் சீமைக்கு வருவோம். 1891-ல் இம்மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், இங்குள்ள பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். உழுகிற நிலம் சொந்தமில்லை. குடிசை போட்ட மனைகூட மிராசுதாருடையது. நிலம் கேட்டு மனுப் போட்டால் மனையைவிட்டுத் துரத்துவார்கள். அந்த அறிக்கையின் விளைவுதான் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கி 1892-ல் வந்த பஞ்சமி நில ஆணை. மனையே மற்றவனுடையதாக இருக்கிறவன் ஆண்டை எதிரில் எப்படி நிற்பான்? தோள் துண்டை இடுப்பில் இறக்கி, கையால் வாயைப் பொத்தி, நாலு முழம் தள்ளித்தான். அவன் மூச்சு ஆண்டை மேல் படக்கூடாது. ஆண்டையின் மூச்சும் வசவும் வெற்றிலை எச்சிலும் அவன் மேல் படலாம். கைதான் முகக்கவசம். போடாவிட்டால் அபராதமும் உண்டு, ரசீது மட்டும் கிடையாது. முதுகில் எழுதுவார்கள்.

ஆக, 2020-ல் அந்தத் துணி வந்து சேர்ந்தபோது நாம் அதைப் புதிய மருத்துவப் பொருளாகப் பார்க்கவில்லை. பழைய மரியாதையாகத்தான் பார்த்தோம். வீட்டு வேலைக்கு வருகிறவள் போட்டுக்கொண்டு வர வேண்டும், எஜமானி போட வேண்டியதில்லை. செக்யூரிட்டி போட வேண்டும், காரில் வருகிறவர் கண்ணாடியை இறக்கிச் சும்மா பேசலாம். சாப்பாடு கொண்டுவரும் பையனின் உடம்புச் சூட்டைச் செயலியில் காட்டினார்கள்; ஆர்டர் கொடுத்தவரின் சூட்டை யாரும் கேட்கவில்லை. எவன் எவன் எதிரில் வாயைப் பொத்த வேண்டும் என்பது இந்த நாட்டில் யாருக்கும் பாடம் நடத்தித் தெரியவேண்டிய விஷயம் அல்ல.

சர்க்கார் கையில் இருந்த சட்டமும் பழசுதான். 1897 பிப்ரவரியில், பம்பாய்ப் பிளேகுக்காக வெள்ளைக்காரன் அவசரமாகப் போட்ட தொற்றுநோய்ச் சட்டம். மொத்தமே நாலு பிரிவு. நாலாவது பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்லிவிட்டால் அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. பூனாவில் பிளேக் அதிகாரி ராண்டின் ஆட்கள் நல்லெண்ணத்தோடு வீடு புகுந்தார்கள், நல்லெண்ணத்தோடு பெண்களை வெளியே இழுத்தார்கள். அதே வருஷம் ஜூனில் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். சென்னை ராஜதானியில் பிளேக் பாஸ்போர்ட் என்று ஒன்று வைத்தார்கள். பிளேக் ஊரிலிருந்து வருகிற பயணி அதை வைத்துக்கொண்டு தினமும் போய் அதிகாரியிடம் முகத்தைக் காட்ட வேண்டும். நம் இ-பாஸின் முப்பாட்டன். 2020 மார்ச்சில் அதே சட்டத்தை எடுத்துத் தூசி தட்டினோம். சுதந்திரம் வாங்கி 73-வது வருஷம். நாலு பிரிவில் ஒன்றாவது நோயாளிக்கு என்ன உரிமை என்று சொல்கிறதா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

நல்லெண்ணத்தின் எல்லை எதுவரை போகும் என்பதை 2020 ஜூன் 19-ல் சாத்தான்குளம் காட்டியது. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போனார்கள். நாலு நாளைக்குள் இரண்டு பேரும் பிணம். நோயிலிருந்து மக்களைக் காப்பாற்றக் கொடுத்த அதிகாரம் அது. அங்கதத்துக்கு அந்த இடத்தில் வேலை இல்லை, அடுத்த பத்திக்குப் போகிறேன்.

துணி முகக்கவசத்துக்கு ஒரு பிதாமகர் உண்டு. பினாங்கில் 1879-ல் பிறந்த வூ லியன்-தே. நம்மாட்கள் கப்பலேறிப் போய்க் கூலி வேலை பார்த்த அதே பினாங்கு. கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார். 1910-11-ல் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை அனுப்பியது. இது எலியும் தெள்ளுப்பூச்சியும் கடத்துகிற பிளேக் அல்ல, மனிதன் மூச்சில் பரவுகிற நுரையீரல் பிளேக் என்று அவர் கண்டார். பஞ்சை நடுவில் வைத்து மல்துணியைச் சுற்றி முகத்தில் கட்டச் சொன்னார். மெனி என்ற பிரெஞ்சு டாக்டர் வந்தார். அனுபவஸ்தர், வெள்ளைக்காரர். ஒரு சீனன் எனக்குப் பாடம் சொல்வதா என்று சீறினார். முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் செத்துப்போனார். அதன் பிறகுதான் ஊரே துணி கட்டிக்கொண்டது. சுமார் 60,000 பேரைத் தின்றுவிட்டு அந்தப் பிளேக் அடங்கியது. முகக்கவசத்தின் சரித்திரத்தில் முதல் எதிரி அறியாமை அல்ல, படித்தவனின் அகங்காரம். 2020 வசந்த காலத்தில் உலகப் பெரிய அமைப்புகளே ஆரோக்கியமானவர்களுக்கு முகக்கவசம் வேண்டாம், இது காற்றில் பரவாது என்று சாதித்தன. பிறகு வேண்டும் என்றன. அப்புறம் காற்றிலும்தான் என்றன. மெனிக்காவது ஒரே ஒரு பிணத்தோடு முடிந்தது.

1918 இன்ஃபுளுயன்சாவில் இந்தியாவில் செத்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். 1921 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த ஜனத்தொகையே முந்தைய கணக்கைவிடக் குறைந்து நின்றது. கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படிக் குறைந்தது அந்த ஒரு தடவைதான். செத்தவர்களில் எத்தனை பேர் வாயில் துணி கட்டினார்கள் என்ற பேச்சே எழாது. இடுப்புக்கே துணி பத்தாத சனம்.

மூச்சில் பரவுகிற நோய் 2020-ல்தான் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்ததா? தாம்பரம் சானடோரியம் என்று மின்சார ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறது. 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்கு அங்கே மருத்துவமனை தொடங்கினார். காசநோய் காற்றில்தான் பரவுகிறது. உலகத்தின் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். வருஷத்துக்கு மூன்று லட்சம் பேர் அளவில் இன்றும் சாகிறார்கள். இதற்காக ஒரு பறக்கும் படை புறப்பட்டதுண்டா? ஒரு நாள் தட்டு தட்டினோமா, விளக்கு ஏற்றினோமா? 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் டெல்லியில் முழங்கினார்கள். 2025 ஒழிந்தது. விமானத்தில் வந்த நோய்க்கு நாட்டையே பூட்டத் தெரிந்தவர்களுக்கு, ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிற வீட்டில் ஒரு ஜன்னல் வைக்கத் தெரியவில்லை. கொரோனாவின் பெரிய குற்றம் அது கொன்றது அல்ல. பணக்காரனையும் தொட்டது.

அதே 2018 ஏப்ரலில், திருவிடந்தைக் கடற்கரையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பீரங்கி, ஏவுகணை, டாங்கி, ஹெலிகாப்டர், நாலு நாள் திருவிழா. பிரதமர் வந்தார், காவிரிக்காகக் கறுப்புக் கொடி காட்டிய தமிழர் முகம் படாமல் ஆகாய மார்க்கமாகவே வந்திறங்கினார். பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் இவ்வளவு ஆயுதம் குவிந்ததைப் பார்த்து, எந்த நாட்டுக்காரன் வந்தாலும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று நாங்களும் நெஞ்சை நிமிர்த்தினோம். இரண்டே வருஷத்தில் வந்தவனுக்கு நாடும் இல்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. டாங்கியால் எந்தப் பக்கம் சுடுவது என்று தெரியாமல் மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவினார்கள். கீழே நின்ற நர்ஸுகளுக்குப் பூ கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை இல்லை என்ற தாளும் கிடைத்தது. பூவும் தாளும். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

அதே செங்கல்பட்டில், திருமணியில், 100 ஏக்கரில் மத்திய அரசின் தடுப்பூசி வளாகம் ஒன்று கட்டி முடித்துக் கிடந்தது. சுமார் 600 கோடி ரூபாய்த் திட்டம். 2021 மே மாதம் நாடு ஊசிக்கு நாக்கு வறண்டு அலைந்தபோது, இந்த வளாகத்திலிருந்து ஒரு கோவிட் ஊசி வரவில்லை. முதலமைச்சர் போய்ப் பார்த்தார், மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று டெல்லிக்கு எழுதினார். நாலு நாள் ஆயுதக் கண்காட்சி நடத்தத் தெரிந்த தேசம் இது. ஊசித் தொழிற்சாலைக்குச் சுவிட்சைப் போட ஆள் இல்லை.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2021 மே 4-ம் தேதி இரவு, ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது என்ற புகாருக்கு நடுவில் வரிசையாகச் சாவு. பதினொன்று என்றார்கள், பதின்மூன்று என்றார்கள். பற்றாக்குறை எதுவும் இல்லை என்றது நிர்வாகம். முகக்கவச விதியை அந்த ராத்திரியில் தமிழ்நாட்டிலேயே மிக ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் அந்தப் படுக்கையில் இருந்தவர்கள்தான். மூக்கும் வாயும் முழுக்க மூடி, இழுத்துக் கட்டி, கழற்றாமல். குழாயில்தான் காற்று இல்லை. இதற்கு யாருக்காவது 200 ரூபாய் ரசீது போட்டார்களா? தாடைக்கு இறங்கியதைக் கண்டுபிடிக்கிற கண், குழாயின் அழுத்தம் இறங்கியதை ஏன் பார்க்கவில்லை?

அதற்கு முந்தைய வருஷம் ஏப்ரல் 19-ல், கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் அடித்துத் துரத்தியது. நண்பரான இன்னொரு டாக்டர் கையாலேயே குழி மூட வேண்டியிருந்தது. வீட்டில் ஏற்றிய ஒன்பது நிமிஷ விளக்கின் புகை அடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சர்க்காரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் கை சுத்தமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கை சுத்தம் பற்றித்தான் அந்த வருஷம் முழுக்கப் பாடம் கேட்டோம்.

இப்போது மாமல்லபுரம் பக்கம் வாருங்கள். சாலையோரம் நெடுகச் சிற்பக் கூடங்கள். தகரக் கொட்டகை, கீற்றுப் பந்தல், கருங்கல் பாளங்கள். உளிச் சத்தம் இனிமையானது என்று கதை எழுதுகிறவர்கள் கொட்டகைக்குள் போனதில்லை. இப்போது அங்கே ஆள்வது கட்டிங் மெஷினும் கிரைண்டரும். தட்டு கல்லில் பட்டதும் வெள்ளைப் புகை எழும்பி ஆளையே மறைக்கும். மெஷினை நிறுத்தியபின் அவன் புருவத்தில், காது மடலில், வேர்வை வழிந்த கோட்டில் மாவு அப்பியிருக்கும். மூக்கில் ஒரு கைக்குட்டை. அதைக் கழற்றி உதறினால் அதிலிருந்தும் புகை. கைக்குட்டையில் தங்குகிறது பெரிய தூள். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்து அதைக் கல்லாக்கும். சிலிக்கோசிஸ். மருந்து கிடையாது. காசநோய்க்கும் கதவு திறந்து விடும். இருமலோடு போனால் பல இடங்களில் காசநோய் மாத்திரையே எழுதுவார்கள். மாத்திரை தீரும், தூசு தீராது.

மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கொடுத்தோம். கல்லுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. இந்த ஊர் பெயரை வேறொருவன் திருட முடியாது. செதுக்குகிறவன் நெஞ்சைத் திருட எந்தத் தடையும் இல்லை. சிலிக்கோசிஸ் அறிவிக்க வேண்டிய நோய் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. ஆனால் மெஷின் வைத்துப் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. நாலு பேர் கொட்டகையில் வரும் நோய்க்குப் பெயரே கிடையாது. முகக்கவசம் உண்மையிலேயே உயிரைக் காக்கக்கூடிய இடம் இது. அதே சாலையில் 2020-லும் 2021-லும் பறக்கும் படை பறந்தது. கிரைண்டர் சத்தம் கேட்டிருக்கும். நல்ல முகக்கவசம் ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு வெளியே வந்து, கைக்குட்டையைக் கழற்றி அவன் ஒரு வாய் காற்று இழுக்கும்போது பிடித்தால், 200.

இன்னும் கீழே இறங்கலாம். 2013-ல் கையால் மலம் அள்ளத் தடைச் சட்டம் வந்தது. அதன் விதிகளில் சாக்கடை வேலைக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று நீளமான பட்டியல் இருக்கிறது. மூச்சுக் கவசம், காற்று ஊதும் கருவி, விஷவாயு காட்டும் கருவி, உடுப்பு, கயிறு. 2014-ல் உச்ச நீதிமன்றம், செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது; 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. சாவின் விலை ஒழுங்காக ஏறுகிறது. நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் சாக்கடைச் சாவுகளில் தமிழ்நாடு எப்போதும் முன்வரிசை. விஷவாயு தாக்கிச் சாகிறவன் மூக்கில் பெரும்பாலும் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. முகக்கவசம் சட்டப்படி கட்டாயமாகக் கொடுக்கப்பட வேண்டிய மனிதன் அவன். கொரோனா காலத்தில் அவன் சட்டையில்லாமல் மேன்ஹோலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, மேலே சாலையில் போனவனைத்தான் பிடித்து, உன் வாய் தெரிகிறது என்றோம்.

அடுத்த தொற்று வரத்தான் போகிறது. ரசீதுப் புத்தகம் இப்போதே அச்சுக்குப் போயிருக்கும். 500 என்பது 1000 ஆகியிருக்கும். ஆட்சேபணை இல்லை, போடுங்கள். ஒன்றே ஒன்று: புத்தகத்தின் முதல் தாளை, பட்டியலில் உள்ள மூச்சுக் கவசம் இல்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்கின ஒப்பந்தக்காரன் பேருக்கும், இரண்டாம் தாளை அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி பேருக்கும் எழுதிக் கிழியுங்கள். 30 லட்சமெல்லாம் வேண்டாம். 200 ரூபாய் போதும். வசூலாகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மீன்காரம்மாவிடம் வாருங்கள்.